பரணில் கொட்டிய பொன்னிறத் துகள்: லிப்பி வெர்மிகுலைட்டின் வரலாறு

வட அமெரிக்காவின் பழைய வீடுகளில் கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே ஒரு பரண் இருக்கும். குளிர்காலத்தில் அறையின் சூடு மேலெழுந்து அதன் வழியே வெளியேறாதபடி, உட்கூரைச் சட்டங்களின் இடைவெளிகளில் வெப்பக் காப்புப் பொருளை நிரப்பிவைப்பார்கள். மரச்சீவல், உலர்ந்த கடற்புல், கிழித்த செய்தித்தாள், உலைக்கசடிலிருந்து நூற்ற கம்பளி, கண்ணாடி இழை எனக் காலத்துக்கு ஒன்று அங்கே போயிருக்கிறது. இவற்றில் பலவற்றால் பெரிய தீங்கில்லை. 1920களிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்ட வெர்மிகுலைட் என்ற பொன்னிறத் துகளின் கதை வேறு. அதன் பெரும்பகுதி ஒரே மலையிலிருந்து வந்தது. அந்த மலையில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் கலந்திருந்தது.

மலை இருப்பது மொன்டானா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கூட்னி ஆற்றங்கரையிலுள்ள லிப்பி என்ற சிற்றூருக்கு வடகிழக்கே சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியிலிருந்து மேலேறிய பாறைக்குழம்பு அங்கே இறுகியது. பின்னர் அதன் விரிசல்களில் சூடான நீர் ஊடுருவி, பாறையில் இருந்த கருப்பு மைக்காவை வெர்மிகுலைட்டாக மாற்றியது. அதே நீர் பக்கத்திலிருந்த வேறு கனிமங்களை ஊசி ஊசியான ஆம்பிபோல் இழைகளாகவும், அதாவது கல்நாராகவும், மாற்றியது. இரண்டும் ஒரே நிகழ்வில், ஒரே பாறைக்குள் பிறந்தவை. ஒன்றைத் தோண்டினால் மற்றொன்றும் கூடவே வரும். பின்னால் நடந்த அத்தனைக்கும் வேர் இந்தப் புவியியல் உண்மையில்தான் இருக்கிறது.

1881இல் தங்கம் தேடி வந்தவர்கள் கண்ணில் இந்தக் கனிமம் பட்டது. அவர்களுக்கு அது பயன்படவில்லை. 1919இல் எட்வர்ட் ஆலி என்ற உள்ளூர்க்காரர் பழைய சுரங்கப்பாதை ஒன்றைத் தீப்பந்தத்துடன் பார்வையிட்டபோது, சுவரிலிருந்த பாறைச் செதில்கள் சூடுபட்டுப் பொரிந்ததைக் கவனித்தார் என்று அந்தச் சுரங்கத்தின் வரலாறு சொல்கிறது. வெர்மிகுலைட்டின் அடுக்குகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் சிக்கியிருக்கும். திடீரெனக் கடும் வெப்பத்தில் இட்டால் அந்த நீர் ஆவியாகி அடுக்குகளை விலக்கித் தள்ளும். தட்டையான செதில் ஹார்மோனியத்தின் துருத்தி விரிவதைப்போல ஒரே திசையில் நீண்டு, பல மடங்கு பருமனாகும். அடுக்குகளுக்கிடையே காற்று அடைபட்டுவிடுவதால் வெப்பம் அதைத் தாண்டுவது கடினம். எடையும் மிகக் குறைவு, தீயும் பிடிக்காது. குளிர்நாட்டு வீட்டுக்குப் பொருத்தமான சரக்கு என்று ஆலிக்குப் புரிந்தது. 1920களில் அவர் தொடங்கிய நிறுவனம் அதைச் ‘சோனோலைட்’ என்ற பெயரில் விற்றது.

சுரங்கத்தில் வெட்டிய கனிமத்தைப் பொரிக்காமலே சரக்கு ரயிலில் ஏற்றிவிடுவார்கள். பொரித்தபின் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருளைத் தொலைவுக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. அதனால் அமெரிக்கா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் பொரிக்கும் ஆலைகளும் பயன்படுத்தும் ஆலைகளும் எழுந்தன. அங்கே பொரித்து மூட்டை கட்டி, ஹார்ட்வேர் கடைகளில் விற்றார்கள். வீட்டுக்காரர் மூட்டையைப் பரணுக்குத் தூக்கிச் சென்று, வாயைப் பிரித்து, சட்டங்களுக்கிடையே கொட்டி, ஒரு பலகையால் நிரவிவிடுவார். கூலியாள் தேவையில்லை என்பதே அதன் விற்பனைப் பலம். தோட்டமண்ணுடன் கலக்கவும், கான்கிரீட் கற்சுவரின் உட்குழிகளை நிரப்பவும், உரத்துக்குத் தாங்குபொருளாகவும் அது போயிற்று. 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 விழுக்காட்டுக்கும் மேல் லிப்பியிலிருந்து வந்ததென்று அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிடுகிறது. 1963இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் சுரங்கத்தை வாங்கியது. பரண்காப்பு விற்பனை 1984இல் நின்றது. 1990இல் சுரங்கமே மூடப்பட்டது.

லிப்பியின் கல்நார், கூரை ஷீட்டில் சிமென்டோடு சேர்க்கும் வெள்ளைக் கல்நார் அல்ல. வெள்ளைக் கல்நார் எனப்படும் கிரைசோடைலின் இழைகள் சுருண்டு நெளிந்தவை. லிப்பியின் ஆம்பிபோல் இழைகள் நேரான, விறைப்பான ஊசிகள். அவற்றில் பெரும்பகுதி வின்சைட், அடுத்து ரிக்டரைட், கொஞ்சம் ட்ரெமோலைட் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை பின்னாளில் பிரித்தறிந்தது. மூச்சோடு உள்ளே போகும் ஊசியை நுரையீரலின் துப்புரவு அணுக்களால் விழுங்கிக் கரைக்க முடியாது. முயன்று தோற்கும் அணுக்கள் அழற்சியைக் கிளப்புகின்றன. ஆண்டுக்கணக்கில் தொடரும் அந்த அழற்சி நுரையீரலைத் தழும்பாக்குகிறது. நுரையீரல் உறை தடித்து இறுகுகிறது, மூச்சு விரிய இடமில்லாமல் போகிறது. நுரையீரல் புற்றும், உறையில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றும் இதன் மற்ற விளைவுகள். பாதிப்புக்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பத்து முதல் நாற்பது ஆண்டுகள் ஓடிவிடுவதால், இன்று சுவாசித்தவரிடம் நாளை எந்த அறிகுறியும் இராது.

இது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு விடை 1956லேயே எழுத்தில் வந்துவிட்டது. அந்த ஆண்டு மொன்டானா மாநிலச் சுகாதாரத் துறையின் தொழிற்கூட ஆய்வாளர் பெஞ்சமின் வேக் லிப்பி ஆலையைப் பார்வையிட்டார். உலர்முறையில் கனிமத்தைச் சலித்துப் பிரிக்கும் கூடத்தில் காற்றிலிருந்த தூசியில் கல்நார் இருப்பதையும், அது நச்சுத்தன்மை உடையது என்பதையும் அவர் அறிக்கையில் குறித்தார். அறிக்கை நிறுவனத்துக்குப் போயிற்று. தூசியில் நின்றவர்களுக்கு அது போகவில்லை. அடுத்த ஆண்டுகளில் வந்த ஆய்வறிக்கைகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லின. தொழிலாளர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது, பலரின் படங்களில் கோளாறு தெரிந்தது. அந்த உலர் ஆலை 1974 வரை ஓடியது.

மலைக்கு வெளியிலும் எச்சரிக்கை வந்தது. ஒஹையோ மாநிலம் மேரிஸ்வில்லில் புல்தரை உரம் செய்யும் ஓ. எம். ஸ்காட் நிறுவனம் லிப்பி வெர்மிகுலைட்டைப் பயன்படுத்திவந்தது. 1970களின் இறுதியில் அங்கே வேலை செய்தவர்கள் சிலரின் நுரையீரல் உறைக்குள் இரத்தம் கலந்த நீர் கோத்திருப்பது தெரியவந்தது. 1984இல் ஜேம்ஸ் லாக்கி குழுவினர் அந்த ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பாறை வெட்டாமல், பொரித்த துகளைக் கையாண்டதாலேயே நெஞ்சில் மாற்றங்கள் வருவதை அது காட்டியது. 1980களின் நடுவில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அமெரிக்கத் தொழில்சார் நலக் கழகமும் தனித்தனியே லிப்பி சுரங்கத் தொழிலாளர்களின் இறப்புகளை ஆராய்ந்து, நுரையீரல் நோயால் மிகுதியானோர் இறப்பதை மருத்துவ இதழ்களில் வெளியிட்டனர். ஆகவே அறிவியல் மௌனமாக இருந்ததாகச் சொல்ல முடியாது. இதழ்களில் வந்தது பரணின் உரிமையாளருக்குத் தெரியவில்லை, தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவுமில்லை.

ஊருக்குள் தூசி எல்லா வழியாகவும் வந்தது. வேலை முடிந்து குளிக்காமல், உடை மாற்றாமல் வீடு திரும்பிய ஆண்களின் சட்டையில் அது இருந்தது. அந்தச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும், அப்பாவின் மடியில் ஏறிய குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆற்றோரப் பொரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் பேஸ்பால் மைதானம் இருந்தது, பிள்ளைகள் வெர்மிகுலைட் குவியல்களில் ஏறிக் குதித்து விளையாடினார்கள். சுரங்கக் கழிவு பள்ளியின் ஓட்டப்பாதையில் பரப்பப்பட்டது. வீட்டுத் தோட்டங்களுக்கு இலவசமாக அள்ளிச் சென்றார்கள். லிப்பிக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. மினியாபோலிஸ் நகரின் வடகிழக்குப் பகுதியிலிருந்த பொரிப்பு ஆலையும் தன் கழிவை இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் அதைக் கொண்டுபோய் வாசலிலும் பாதையிலும் கொட்டிக்கொண்டார்கள்.

கேலா பெனிஃபீல்ட் லிப்பியைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் நோயால் இறந்தார். சுரங்கத்தில் கால் வைக்காத தாயும் அதே நோயால் இறந்தார். பெனிஃபீல்ட் ஊராரிடமும் அதிகாரிகளிடமும் ஆண்டுக்கணக்கில் பேசினார், வழக்குத் தொடுத்தார். ஊரின் பெயர் கெட்டுவிடும், வீட்டின் விலை விழுந்துவிடும் என்று அஞ்சியவர்களின் வெறுப்பையும் தாங்கினார். 1999 நவம்பரில் ஆண்ட்ரூ ஷ்னைடர் என்ற பத்திரிகையாளர் ‘சியாட்டில் போஸ்ட்-இன்டெலிஜென்சர்’ நாளிதழில் லிப்பியைப் பற்றி எழுதினார். குறைந்தது 192 பேர் இறந்திருப்பதாக அவருடைய கட்டுரை கணக்குக் கொடுத்தது. நகர எல்லைக்குள் மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. சில நாட்களுக்குள் சுற்றுச்சூழல் முகமையின் குழு லிப்பியில் வந்து இறங்கியது.

அதன்பின் எண்கள் வெளிவந்தன. 2000ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பரிசோதனையில், பார்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரின் நுரையீரல் உறையில் மாற்றம் இருந்தது. அவர்களில் சுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாதவர்களும் உண்டு. 1979 முதல் 1998 வரையிலான இறப்புகளை ஆராய்ந்தபோது, கல்நாரால் வரும் நுரையீரல் தழும்பு நோய்க்கு லிப்பி வட்டாரத்தில் இறந்தோர் எதிர்பார்க்கத்தக்க அளவைவிடக் குறைந்தது 40 மடங்கு என்று தெரிந்தது. 2002இல் ஊர் நச்சுக்கழிவு துப்புரவுக்கான தேசியப் பட்டியலில் சேர்ந்தது. வீடு வீடாகச் சென்று பரணை உறிஞ்சி எடுப்பதும், தோட்ட மண்ணை அகழ்ந்து மாற்றுவதும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தன. 2009 ஜூன் 17 அன்று லிப்பியில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நச்சுக்கழிவுத் துப்புரவுச் சட்டத்தின் கீழ் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது அதுவே முதல் முறை. மறு ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நோயுற்ற லிப்பி மக்களுக்கு வயது வரம்பின்றி அரசு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்தது.

கிரேஸ் நிறுவனம் 2001 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக் கோரியது, 2014 பிப்ரவரியில்தான் அதிலிருந்து வெளிவந்தது. லிப்பித் துப்புரவுக்காக 25 கோடி டாலர் தர 2008இல் ஒப்புக்கொண்டது. நிறுவனத்தின்மீதும் அதன் முன்னாள் அதிகாரிகள்மீதும் 2005இல் தொடுக்கப்பட்ட குற்ற வழக்கில் 2009 மே மாதம் நடுவர் குழு விடுதலைத் தீர்ப்பு அளித்தது. திவால் நீதிமன்றம் 2006இல் பரண்காப்பைப் பற்றித் தனியே ஒரு தீர்ப்பு சொன்னது. சோனோலைட்டில் கல்நார் இருக்கிறது, கிளறினால் அது காற்றில் கலக்கும் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், வீட்டுக்காரருக்கு ஏற்கத்தகாத அளவு ஆபத்து இருப்பது நிறுவப்படவில்லை என்றது. இந்தத் தீர்ப்பு கிளறாமல் கிடக்கும் துகளைப் பொறுத்தவரை நியாயமே. ஆனால் வீடு என்பது கிளறப்படும் இடம். மின்விசிறி மாட்டவும், கம்பி இழுக்கவும், ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கவும் யாராவது அங்கே ஏறிக்கொண்டே இருப்பார்கள்.

நாடு முழுவதுமுள்ள வீட்டுக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல் முகமை எச்சரிக்கை விடுத்தது 2003 மே மாதத்தில். பெஞ்சமின் வேக்கின் முதல் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 47 ஆண்டுகள். இவ்வகைப் பரண்காப்பு உள்ள வீடுகள் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,40,000 இருக்கலாம் என்று 1985லேயே அந்த முகமைக்கு ஒரு மதிப்பீடு கிடைத்திருந்தது. பின்னர் வந்த மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு பெரியவை.

கண்ணால் பார்த்தே வெர்மிகுலைட்டை அடையாளம் காணலாம். அது கம்பளியாகவோ பஞ்சாகவோ இராது. உதிரியான சிறு கூழாங்கல் போன்ற துகள்களாகக் கிடக்கும். நிறம் வெள்ளி கலந்த பொன்னிறம் அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. விளக்கொளி பட்டால் காக்காப்பொன்னின் மினுமினுப்பு தெரியும். ஒரு துகளின் பக்கவாட்டில் மெல்லிய அடுக்குகளின் மடிப்புகளைக் காணலாம். பல வீடுகளில் அதன்மேல் பிற்காலத்தில் கண்ணாடிக் கம்பளி விரித்திருப்பார்கள், அடியில் என்ன இருக்கிறதென்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விளக்கு மாட்டிய துளையிலிருந்தோ, சுவரிலுள்ள மின்பெட்டியிலிருந்தோ பொன்னிறத் துகள் உதிர்ந்தால் பரணிலோ சுவருக்குள்ளோ அது இருக்கிறது என்று பொருள். வெறும் மூட்டை ஏதாவது பரணில் கிடந்தால் அதில் அச்சிட்ட பெயரே சாட்சி.

ஆய்வகச் சோதனைதான் இதில் சிக்கலான பகுதி. ஒரு பொருளில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் கல்நார் இருந்தால்தான் அதைக் கல்நார்ப் பொருள் என்று அமெரிக்கச் சட்டவிதிகள் கருதுகின்றன. பொரித்த சோனோலைட்டில் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். மேலும் இழைகள் துகள்களின் ஊடே நழுவி அடியில் போய்த் தங்கிவிடுகின்றன, மேலிருந்து அள்ளிய ஒரு பிடியில் அவை அகப்படாமலே போகலாம். ‘கல்நார் காணப்படவில்லை’ என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரணைக் கூட்டிப் பெருக்கினால் காற்றில் இழை எழும். எடைக் கணக்கில் அற்பமாகத் தெரியும் அளவு, மூச்சுக் கணக்கில் அற்பமல்ல. லிப்பி ஆம்பிபோலுக்கு 2014இல் முகமை நிர்ணயித்த வாழ்நாள் பாதுகாப்பு அளவு ஒரு கனசென்டிமீட்டர் காற்றில் 0.00009 இழை. அமெரிக்கத் தொழிற்கூடங்களில் கல்நாருக்கு அனுமதிக்கும் வரம்பு 0.1 இழை. முன்னது வாழ்நாள் முழுவதும் இடைவிடாமல் சுவாசிப்பவருக்கு, பின்னது எட்டு மணிநேர வேலைக்கு. இரண்டும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்றாலும், இந்த இழையின் வீரியத்தை அந்த இடைவெளி காட்டுகிறது. இக்காரணங்களால், பரணில் இருப்பது வெர்மிகுலைட் என்று தெரிந்தால் சோதனைக்குக் காத்திராமல் கல்நார் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்படி முகமை அறிவுறுத்துகிறது.

பரணில் காணும் மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ மெத்தைபோல் விரிந்திருப்பது கண்ணாடிக் கம்பளி, 1938க்குப் பின் பரவியது. தோலில் அரிப்பும் தொண்டையில் உறுத்தலும் தரும். 1988இல் புற்றுநோய் ஐயப் பட்டியலில் அதைச் சேர்த்த உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, மேலும் ஆராய்ந்து 2001இல் அந்த வகுப்பிலிருந்து நீக்கியது. சாம்பல் வெள்ளையில் கொத்துக் கொத்தாக இருப்பது பாறைக்கம்பளி அல்லது கசடுக்கம்பளி. அச்செழுத்துகளின் எச்சம் தெரியும் சாம்பல்நிறத் தாள்துருவல் செல்லுலோஸ், தீப்பிடிக்காமலிருக்க அதில் போரான் உப்பு கலப்பார்கள். கொதிகலன் குழாய்களைச் சுற்றி அட்டைமடிப்புபோல் வெள்ளையாகச் சுற்றியிருப்பது பெரும்பாலும் கல்நார், உதிரத் தொடங்கியிருந்தால் நெருங்கக்கூடாது. சுவருக்குள் 1970களில் பீய்ச்சிய, தொட்டால் பொடியும் யூரியா ஃபார்மால்டிஹைட் நுரையைக் கனடா 1980இல் தடைசெய்தது. அதிலிருந்து வரும் வாயு முதல் ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தணிந்துவிடும்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 1968 முதல் 1979 வரை பரண்களில் ஊதி நிரப்பிய உதிரிக் கல்நார். ‘மிஸ்டர் ஃபிளஃபி’ என்று ஊரார் அழைத்த அந்தப் பஞ்சில் வேறு எதுவும் கலக்கவில்லை, முழுக்கக் கல்நார். 1989 முதல் 1993 வரை அரசே அகற்றியபின்னும் சுவர்களுக்குள் இழை தங்கியிருப்பது தெரிந்து, 2014 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசு விலைகொடுத்து வாங்கி இடித்தது.

வெர்மிகுலைட் என்ற கனிமமே நஞ்சு என்று கொள்வது தவறு. இந்தியாவில் அறியப்பட்ட வெர்மிகுலைட் இருப்பில் பெரும்பகுதி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டம் செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்திருக்கிறது. மாடித்தோட்டக்காரர்கள் தொட்டிமண்ணில் கலக்கும் துகளும் இதே கனிமம்தான். தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் அது கிடைக்கிறது. எந்தப் பாறையில் அது உருவானது, பக்கத்தில் எந்தக் கனிமம் உருவானது என்பதைப் பொறுத்தே தீங்கு அமைகிறது. ஒவ்வொரு சுரங்கத்தையும் தனியே சோதித்தாக வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கு லிப்பி நேரடியாக வந்து சேரும் இடம் கனடா. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், வீட்டில் வெப்பக் காப்பு நிரப்புவோருக்குக் கனடா அரசு மானியம் கொடுத்தது. சோனோலைட்டும் அந்த மானியத்தில் பரண்களுக்கு ஏறியது. ரொறன்ரோ வட்டாரத்தில் நம்மவர்கள் வாங்கிக் குடியேறியிருக்கும் வீடுகளில் கணிசமானவை அந்தக் காலத்துக்கு முந்தியவை. 1990க்கு முன் கட்டிய வீட்டை வாங்குபவர், பத்திரம் முடிக்குமுன் பரணைப் பரிசோதகரைக் கொண்டு பார்க்கச் செய்து, வெர்மிகுலைட் உண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் பெறவேண்டும். உண்டென்றால் வீட்டையே விடவேண்டியதில்லை. பரணில் சாமான் வைக்காமல், பிள்ளைகளை ஏறவிடாமல், உட்கூரையின் விரிசல்களையும் விளக்குத் துளைகளையும் அடைத்துவைத்தால், கிளறாத துகள் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். துடைப்பமும் வீட்டு வாக்குவம் கிளீனரும் இழையைக் காற்றில் ஏற்றும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. அகற்றவேண்டி வந்தால் கல்நார் அகற்றும் உரிமம் பெற்றவர்களே செய்யவேண்டும். செலவு பெரியது. அமெரிக்காவில் சோனோலைட் வீட்டுக்காரர்களுக்கு, அந்தச் செலவில் பாதிக்குச் சற்று மேலான ஒரு பகுதியை, உச்சவரம்புக்கு உட்பட்டுத் தர திவால் உடன்பாட்டின்படி ஒரு நிதியம் இருக்கிறது.

மின்கம்பி இழுக்கவோ கூரை பார்க்கவோ வரும் தொழிலாளி ஏணியில் கால் வைக்குமுன், மேலே என்ன கிடக்கிறது என்பதை வீட்டுக்காரர் அவரிடம் சொல்லிவிடவேண்டும். லிப்பியில் தூசிக்குள் நின்றவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.